வால்பாறையின் 323 நாள்கள்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வால்பாறை
24.11.2025

பெறுநர்: தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 39 உறுப்பினர்களும் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 18 உறுப்பினர்களும்.

பொருள்: சட்டமன்றத் தொகுதி காலியானால் அதை நிரப்பும் சட்டப்பிரிவில் திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

எங்கள் வால்பாறைத் தொகுதிக்கு 2025 ஜூன் 21 முதல் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2021 தேர்தலில் நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய டி.கே. அமுல்கந்தசாமி அவர்கள் அன்று காலமானார். ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. இடைத்தேர்தல் அறிவிக்கப்படவில்லை, இனி அறிவிக்கப்படப் போவதுமில்லை. இப்போதைய சட்டப்பேரவையின் காலம் 2026 மே 10 அன்று முடிகிறது. அதுவரை எண்ணினால் 323 நாள்கள், அதாவது ஏறத்தாழ பதினொரு மாதங்கள், இந்தத் தொகுதியின் இருக்கை வெறுமையாகவே இருக்கும். ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு தேங்கிப்போனதால் இது நேரவில்லை. நீங்கள் அமர்ந்திருக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே இதற்கு இடம் தருகிறது. அதனால்தான் இந்த மடலை ஆட்சியருக்கோ முதலமைச்சருக்கோ தேர்தல் ஆணையத்துக்கோ எழுதாமல், அந்தச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் படைத்த உங்களுக்கு எழுதுகிறேன்.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151-ஏ என்னும் பிரிவு 1996-இல் சேர்க்கப்பட்டது. ஓர் இடம் காலியானால் ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அதிலேயே இரண்டு விலக்குகள் உள்ளன. காலியான இடத்தின் எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் அந்த ஆறு மாதக் கெடு பொருந்தாது என்பது முதல் விலக்கு. அந்தக் கெடுவுக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தால் அப்போதும் பொருந்தாது என்பது இரண்டாவது விலக்கு. வால்பாறை முதல் விலக்கில் விழுந்தது. எங்கள் உறுப்பினர் காலமானபோது பேரவைக்கு ஓராண்டை விட 42 நாள்கள் குறைவான காலமே எஞ்சியிருந்தது. ஒருவருடைய மரணம் ஆறு வாரம் முந்தியதா பிந்தியதா என்பதை வைத்து ஒரு தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரல் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டை, அதைச் சட்டமாக்கிய அவையின் உறுப்பினர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து எங்கள் இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மகள். வால்பாறை கடைவீதியில் தட்டச்சும் நகலெடுப்பும் இணையவழி விண்ணப்பமும் செய்து தரும் சிறு கடை நடத்துகிறேன். பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊர் மக்களின் மனுக்களை எழுதித் தருவதே என் தொழில். வருங்கால வைப்புநிதி வராதவர், ஓய்வு பெற்றதும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர், முதியோர் உதவித்தொகை பாதியில் நின்றுபோனவர், பேருந்து நேரம் மாற்றப்பட்டதால் பிள்ளை பள்ளிக்குப் போக முடியாதவர் என்று எல்லோரும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்த மனுவுக்கு எங்கிருந்து பதில் வரும், எதற்கு வராது என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். துறைக்கு நேராக எழுதிய மனுவுக்கு ரசீது எண் கிடைக்கும். அதே மனு சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு போனால் ஒரு அலுவலர் தொலைபேசியை எடுத்துப் பேசுவார். இது சரியான நிர்வாக முறையா என்று கேட்டால் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஏழைகள் நிறைந்த ஒரு தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் என்பவர் நடைமுறையில் என்ன வேலை செய்கிறார் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை, கொழுந்து எடுத்துவிட்டு நேராக என் கடைக்கு ஒரு அக்கா வந்தார். தலைத்துணியை இன்னும் அவிழ்க்கவில்லை; விரல்களில் தேயிலைக் கறை அப்படியே இருந்தது. அவர் குடியிருக்கும் லைனிலிருந்து குழாயடிக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை, வழியின் இருபுறமும் புதர் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, வெட்டிச் சுத்தம் செய்து விளக்குப் போட்டுத் தர வேண்டும் என்பது மனு. நான் வழக்கம்போல, யோசிக்காமலே, பெறுநர் என்ற சொல்லுக்குக் கீழே 'மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், வால்பாறைத் தொகுதி' என்று தட்டிவிட்டேன். பிறகு நினைவு வந்து, எழுத்தெழுத்தாக அழித்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், "ஏங்கண்ணு அழிக்கிற?" என்றார். சொன்னேன். "அப்போ அந்த எடத்துல யார் பேரு போடுவ?" என்று கேட்டார். நான் மூன்று பெறுநர்களைப் போட்டு மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். வழி தோட்டத்துக்குச் சொந்தமானது என்று ஒரு பதிலும், விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு என்று ஒரு பதிலும், புதர் இருக்கும் இடம் யாருடைய எல்லை என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பதிலும் வந்தன. மூன்று தரப்பையும் ஒரே மேசைக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டிய ஆள்தான் இல்லை. அந்தத் தரப்புகளின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை; அவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று.

அந்த மனு எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும். 2025 ஜூன் 20 அன்று மாலை, வால்பாறைக்கு அருகே ஒரு தோட்டத்தின் குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியைச் சிறுத்தை இழுத்துச் சென்றது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பதியின் குழந்தை அவள். மறுநாள் உடல் கிடைத்தது. அந்த மறுநாள்தான் எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் காலமான ஜூன் 21. ஆகஸ்டில் அசாமிலிருந்து வந்த தொழிலாளியின் மகன் ஒருவன் இதேபோல் குடியிருப்பின் அருகே கொல்லப்பட்டான். சிறுத்தை என்று முதலில் பேசப்பட்டு, பிறகு கரடி என்று தெரிந்தது. உறுப்பினர் இருந்திருந்தால் இந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் குழந்தைகள் பலியான ஒரு தொகுதியிலிருந்து, அந்தக் குழந்தைகள் ஏன் இறந்தார்கள், லைன் வீடுகளைச் சுற்றிய புதரை அகற்றும் பொறுப்பு யாருடையது, வீட்டுக்குள் கழிப்பறையும் வழியில் விளக்கும் எப்போது வரும் என்று வனத்துறை அமைச்சரையும் தொழிலாளர் துறை அமைச்சரையும் எழுந்து நின்று கேட்க அந்தத் தொகுதியின் உறுப்பினர் பேரவையில் இல்லை. அக்டோபர் 14 முதல் 17 வரை பேரவை கூடியது. எங்கள் உறுப்பினரின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்தது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வால்பாறைக்கென்று பேச வால்பாறையின் உறுப்பினர் இல்லை. மற்றத் தொகுதிகளின் உறுப்பினர்கள் எங்களுக்காகப் பரிவோடு பேசலாம். ஆனால் அவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு இங்கே வாக்கு இருந்திருக்காது. அதனால் அவர்கள் பிரதிநிதித்துவத்துக்கு வெளியே நிற்பவர்கள் ஆகிவிடுவார்களா? உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட பிறகு, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள்தான் பல தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் தனக்கு வாக்களித்தவருக்கு மட்டும் உறுப்பினர் அல்லர். வாக்களிக்காதவருக்கும், வாக்கே இல்லாதவருக்கும், வாக்களிக்கும் வயது வராத குழந்தைக்கும் அவரே உறுப்பினர். மொழி தெரியாத, தொழிற்சங்கம் தெரியாத, மனு எழுதத் தெரியாத அந்தக் குடும்பங்களுக்குத்தான் உள்ளூரில் கதவைத் தட்டக்கூடிய ஓர் அலுவலகம் எல்லோரையும் விட அதிகம் தேவைப்படுகிறது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இதன் சுமை முழுமையாகத் தெரியாது. வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். கோவையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்றால் விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். அந்த நாளின் கூலி போய்விடும். பேருந்துக் கட்டணம் தனி. இத்தொகுதியிலேயே மலைமேல் தோட்டங்களும், காடர், மலைமலசர், முதுவர், புலையர் குடியிருப்புகளும், அடிவாரத்தில் ஆனைமலை, கோட்டூர் பக்கத்துத் தென்னந்தோப்பு ஊர்களும் இருக்கின்றன. மலையையும் சமவெளியையும் சேர்த்துக் கட்டிய இந்தத் தொகுதியில் இரண்டுக்கும் பொதுவாக நின்று பேசக்கூடியவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்தான்.

இப்போது சட்டத்தின் தர்க்கத்துக்கு வருகிறேன். எஞ்சிய காலம் குறைவு, எனவே தேர்தல் வேண்டாம் என்பதே அதன் வாதம். எங்கள் மலைக்கு அப்பால் கேரளம். அங்கே நிலம்பூர் தொகுதியின் உறுப்பினர் 2025 ஜனவரி 13 அன்று பதவி விலகினார். பேரவைக்கு அப்போது ஓராண்டுக்கு மேல் காலம் இருந்ததால் ஜூன் 19 அன்று இடைத்தேர்தல் நடந்து, 23 அன்று முடிவு வந்தது. கேரளப் பேரவையின் காலமும் எங்கள் பேரவையைப் போலவே 2026 மே மாதத்தில்தான் முடிகிறது. அப்படியென்றால் நிலம்பூரில் ஜூன் 23 அன்று வென்றவர் பணியாற்றப்போவது பதினொரு மாதங்கள். அந்தப் பதினொரு மாதங்களுக்கு ஓர் உறுப்பினர் தேவை என்று கருதித்தான் அத்தனை செலவும் உழைப்பும் செய்யப்பட்டன. அது சரியான முடிவு. அதே ஜூன் மாதத்தில், அதே பதினொரு மாதங்களுக்கு, வால்பாறைக்கு மட்டும் உறுப்பினர் தேவையில்லை என்பதை எந்த நியாயத்தால் ஏற்பது? பதினொரு மாதம் என்பது ஒரு தொகுதியில் பிரதிநிதி இருக்கப் போதுமான காலம் என்றால், இன்னொரு தொகுதியில் பிரதிநிதி இல்லாமல் கிடக்க முடியாத காலமும் அதுதான்.

இம்மாதம் 11-ஆம் தேதி எட்டுத் தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்ததையும் பார்த்தோம். தெலங்கானாவின் ஜூபிலி ஹில்ஸ் உறுப்பினர் ஜூன் 8 அன்று காலமானவர். ஜார்க்கண்டின் காட்சிலா உறுப்பினர் ஆகஸ்ட் 15 அன்றும், ஒடிசாவின் நுவாபடா உறுப்பினர் செப்டம்பர் 8 அன்றும் காலமானவர்கள். அம்மூன்று தொகுதி மக்களும் வாக்களித்துவிட்டார்கள். நுவாபடாவில் காலியிடம் ஏற்பட்டுப் புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதங்களே ஆயின. இரண்டு மாதத்தில் தேர்தல் நடத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதற்கிடையில் நம் மாநிலத்தில் இன்னொரு இடமும் காலியாகிவிட்டது. சேந்தமங்கலம் உறுப்பினர் கு. பொன்னுசாமி அக்டோபர் 23 அன்று காலமானார். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று இப்போது வெறும் இருக்கை. வால்பாறை பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. சட்டம் தனித்தொகுதியைப் பார்த்து இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பணமும் தொடர்பும் உள்ளவர்கள் உறுப்பினர் இல்லாமலும் தங்கள் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அவை இல்லாதவர்கள் மிகுதியாக வாழும் தொகுதியில் அதே காலியிடத்தின் எடை வேறு.

இது வால்பாறையோடு தொடங்கிய கதையுமன்று. வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் தனித்தொகுதியின் 2016 முதல் 2021 வரையான ஐந்தாண்டைப் பாருங்கள். 2017 செப்டம்பர் 18 அன்று 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது குடியாத்தமும் காலியானது. வழக்கு நடந்தது, 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு அளித்தார்கள், மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார், 2019 ஏப்ரல் 18 அன்றுதான் மக்கள் வாக்களித்தார்கள். மே மாதத்தில் வென்று வந்த எஸ். காத்தவராயன் 2020 பிப்ரவரி 28 அன்று காலமானார். அப்போது பேரவைக்கு ஓராண்டுக்கு மேல் காலம் இருந்தது; ஆனாலும் பெருந்தொற்றுக் காலம் என்பதால் இடைத்தேர்தல் நடக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் 60 மாதங்களில் ஏறத்தாழ 34 மாதங்கள் குடியாத்தத்துக்கு உறுப்பினர் இல்லை. பாதிக்கும் மேல். கட்சிகள் மோதிக்கொண்டன, நீதிமன்றங்கள் விசாரித்தன, நோய் பரவியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் எந்தக் காரணத்திலும் குடியாத்தம் வாக்காளரின் பிழை எதுவும் இல்லை. அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016 மே மாதத் தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தாகி, நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. அந்த இரு தொகுதிகளும் பத்தே மாதங்களில் அதே தகுதிநீக்கத்தால் மறுபடியும் காலியாயின.

திருவாரூரை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 2018 ஆகஸ்ட் 7 அன்று மு. கருணாநிதி மறைந்ததால் அத்தொகுதி காலியானது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, டெல்டா முழுவதும் தென்னையையும் வீடுகளையும் சாய்த்துப் போட்டது. 2019 ஜனவரி 28 அன்று நடப்பதாக இருந்த திருவாரூர் இடைத்தேர்தல், நிவாரணப் பணிகள் நடந்துகொண்டிருப்பதால் ரத்து செய்யப்பட்டது. நிவாரணம் தடைப்படக் கூடாது என்ற அக்கறையை நான் மதிக்கிறேன். கட்சிகளும் அதைத்தான் கேட்டன. ஆனாலும், தென்னை விழுந்த உழவரும் ஓடு பறந்த கூலிக்காரரும் தங்கள் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏன் இல்லை என்று யாரிடமாவது கேட்டே ஆக வேண்டிய மாதங்களில்தான் கேட்க ஆளில்லாமல் விடப்பட்டார்கள்.

உங்கள் அவைக்கும் இது நேர்ந்திருக்கிறது. புனே மக்களவை உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானார். ஓராண்டுக்கு மேல் காலம் எஞ்சியிருந்தும் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 2023 டிசம்பர் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் உடனே தேர்தல் நடத்தும்படி உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடைசியில் பொதுத்தேர்தல் வரும்வரை புனேவுக்கு உறுப்பினர் இல்லை. ஒரு பெருநகரமே நீதிமன்றத்துக்குப் போயும் கிடைக்காதது, வழக்குச் செலவுக்கு வழியில்லாத எங்கள் மலைக்கு எப்படிக் கிடைக்கும்?

இடைத்தேர்தல் என்றால் அமைச்சர்கள் தெருவுக்குத் தெரு முகாமிடுவதும், வீட்டுக்கு வீடு பணம் போவதும், அரசுப் பணி ஒரு மாதம் நின்றுவிடுவதும்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தாகி, டிசம்பர் 21 அன்று மீண்டும் நடந்ததை நாடே அறியும். ஆனால் பணம் கொடுப்பவரைப் பிடித்துத் தகுதிநீக்கம் செய்வது அதற்கான மருந்து, வாக்குச்சீட்டைப் பறிப்பதன்று. செலவு என்ற வாதத்தையும் நான் கேட்டிருக்கிறேன். பொதுத்தேர்தலுக்கென்று வாக்குச்சாவடிகளும் இயந்திரங்களும் அலுவலர்களும் ஏற்கெனவே இருக்கும் ஒரு மாநிலத்தில் ஒற்றைத் தொகுதித் தேர்தலின் செலவு, அந்தத் தொகுதி மக்கள் பதினொரு மாதங்கள் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் அலைந்து இழக்கும் கூலியைவிடக் கூடுதலாக இருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டு எனக்குக் காட்டியதில்லை.

எங்கள் தொகுதியின் சமவெளிப் பகுதிக்கு இன்னொரு துயரமும் உண்டு. கோவை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகிக்கிறார்கள். பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு சொல்லியும் இந்நிலை. ஆகவே ஆனைமலை ஒன்றியத்தில் இத்தொகுதிக்குள் வரும் ஒரு சிற்றூரில் இன்று வார்டு உறுப்பினர் இல்லை, ஊராட்சித் தலைவர் இல்லை, ஒன்றியக் கவுன்சிலர் இல்லை, மாவட்ட ஊராட்சி உறுப்பினர் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்று சுட்டிக்காட்டக்கூடியவர் மக்களவை உறுப்பினர் மட்டுமே. ஏறத்தாழ ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பொறுப்பான, ஆண்டில் பல வாரங்கள் டெல்லியில் இருக்க வேண்டிய ஒருவர், குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் எப்படி வந்து நிற்பார்?

அரசமைப்பின் 190-ஆவது பிரிவை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவையின் அனுமதியின்றி 60 நாள்கள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால் அவருடைய இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். உங்களுக்கும் 101-ஆவது பிரிவில் இதே விதி உண்டு. ஒரு தொகுதியின் இருக்கை 60 நாள்கள் பயன்படாமல் கிடப்பதே பொறுக்க முடியாதது என்று அரசமைப்பை வகுத்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதே இருக்கை 323 நாள்கள் கிடந்தாலும் பரவாயில்லை என்று 1996-இல் திருத்திய சட்டம் எண்ணுகிறது. மாநிலங்களவை உறுப்பினர்களே, உங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். வரும் ஏப்ரலில் உங்களில் ஆறு பேருடைய பதவிக்காலம் முடிகிறது. அந்த இடங்களுக்கான தேர்தலில் 234 தொகுதிகளும் பங்கு பெறப்போவதில்லை. வால்பாறைக்கும் சேந்தமங்கலத்துக்கும் வாக்கு இருக்காது. எங்கள் ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயமானது. காட்டைக் காக்க அது நல்லதாக இருக்கலாம். ஆனால் அதை நம்பிப் பிழைக்கும் தேநீர்க் கடைக்காரரும் ஓட்டுநரும் தங்கள் கருத்தைச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஆள் அந்த நேரத்திலும் இல்லை.

இம்மாதம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் லைன் லைனாக ஏறி இறங்கிப் படிவம் தருகிறார்கள். என் கடையில் தினமும் வரிசை. தோட்டம் மாறி, வீடு மாறி, கதவிலக்கமும் மாறிய மக்கள், 2002 அல்லது 2005 பட்டியலில் தங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்று தேடித் தரச் சொல்கிறார்கள். பெயர் விடுபட்டுவிடுமோ என்ற அச்சம் அவர்கள் முகத்தில் தெரிகிறது. அந்த முகங்களைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மக்களுக்கு வாக்கு என்பது மிகவும் வேண்டிய பொருள். நாங்கள் ஒவ்வொருவரும் இந்தத் தொகுதியில்தான் குடியிருக்கிறோம் என்று நிரூபிக்கச் சொல்லும் அதே ஆண்டில், அந்தத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருக்க வேண்டியதில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

டிசம்பர் 1 அன்று தொடங்கும் குளிர்காலக் கூட்டத்தொடரை முன்னிட்டு உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, 151-ஏ பிரிவிலுள்ள ஓராண்டு விலக்கை ஆறு மாதமாகக் குறைக்கவும், காலியிடத்தை நிரப்பும் கெடுவை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகச் சுருக்கவும் திருத்தம் கொண்டுவர வேண்டும். அரசு முன்வராவிட்டால் உங்களில் ஒருவராவது தனிநபர் மசோதாவாக அதை அறிமுகம் செய்ய வேண்டும். இந்தக் கோரிக்கை எந்தக் கட்சிக்கும் சாதகமோ பாதகமோ ஆனதன்று. ஆகவே 57 பேரும் கட்சி பார்க்காமல் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறேன்.

தேர்தல் நடத்துவது கடினம் என்று சான்றளிக்கும் இரண்டாவது விலக்கைப் பயன்படுத்தும்போது, அதற்கான காரணத்தை எழுத்துமூலம், அந்தத் தொகுதி மக்கள் படிக்கும் மொழியில், முப்பது நாள்களுக்குள் வெளியிடுவதைச் சட்டத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு ஒரு கால வரம்பும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படாவிட்டால் தானாகவே காலாவதியாக வேண்டும்.

திருத்தம் வரும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. பொள்ளாச்சி, நாமக்கல் மக்களவை உறுப்பினர்கள் முறையே வால்பாறையிலும் சேந்தமங்கலத்திலும் மாதம் இருமுறை, நாள் குறித்து, முன்கூட்டி அறிவித்து, மலைமேலேயே மக்களைச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்புகளுக்கு வனத்துறை, வருவாய்த்துறை, தொழிலாளர் துறை அலுவலர்களை அழைத்து ஒரே மேசையில் அமரவைக்க வேண்டும். காலியாக உள்ள தொகுதிகளின் மேம்பாட்டு நிதி இந்த மாதங்களில் எந்தப் பணிக்கு, யார் முடிவின்படி செலவாகிறது என்ற பட்டியலை வெளியிடும்படி மாநில அரசிடம் நீங்கள் எழுத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் எப்போது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இந்த மடலின் நகல்கள் 57 இன்று விரைவு அஞ்சலில் அனுப்பப்படுகின்றன. குழாயடிக்குப் போகும் வழிக்கு விளக்குக் கேட்ட அந்த மனுவின் நகலையும் ஒவ்வொன்றோடும் இணைத்திருக்கிறேன். மனுதாரரின் பெயரை மட்டும் அவர் விருப்பப்படி மறைத்திருக்கிறேன். அந்த வழியில் இன்னும் விளக்கு வரவில்லை. உங்கள் பதிலை 2025 டிசம்பர் 19-க்குள், கூட்டத்தொடர் முடிவதற்குள், எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
மனு எழுதித் தருபவர்,
வால்பாறை சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்